சுரக்குடி வெயில்

சுரக்குடி வயலில் இறங்கப்போகிற பிரம்மாண்டமான எவர்சில்வர் டிபன் கேரியரின் மேல் ஒரு பைன் மரம் தெரிந்தது. அதை முதலில் பார்த்தவள் ஆன்லின்தான். சொல்லலாமா வேண்டாமா என்று வகுப்பு முடியும்வரை யோசித்தாள். எல்லாரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்த பிறகுதான் வாய் வந்தது.

"சார், நம்ம கப்பல்ல பைன் மரம் தெரியுது."

நவநீதன் சார் விளக்கை அணைக்கப் போன கையை அப்படியே நிறுத்தித் திரும்பினார். திரையில் கப்பல் பளபளவென்று நின்றது. நாலடுக்குக் கேரியர். கீழடுக்கின் வளைவில், ஊசி மாதிரி இலைகளோடு பைன் மரங்கள் வரிசையாக நின்றன. அதற்கப்பால் மெலிதாக ஒரு பனிமலை.

"யாருப்பா அது, சுரக்குடியில பைன் மரம் நட்டது?" என்றார் சார்.

"நெட்லேர்ந்து எறக்குன வெளிச்சம் சார்," என்றான் கதிரவன். "நல்ல வெளிச்சம். ஓசி. எவன் சார் கேரியர் அடியில குனிஞ்சு பாக்கப்போறான்?"

"இவ பாத்துட்டாளே."

"இவ எறும்பு ஊர்ந்தாக்கூட எந்தக் கால முதல்ல வச்சுதுன்னு பாப்பா சார்."

சிரிப்பு எழுந்தது. ஆன்லினும் சிரித்தாள். அவன் சொன்னது பொய்யில்லை. பகலில் அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. ஒட்டியதும் ஒருமுறை பார்ப்பாள், தட்டில் அடுக்கும்போது ஒருமுறை பார்ப்பாள், படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகு திரும்ப ஏறிப்போயும் பார்ப்பாள். சாயந்தரமானால் காரைக்கால் கடைத்தெருவில் செல்போன் கடை மாடியில் நடக்கும் இந்த அனிமேஷன் வகுப்புக்கு வந்துவிடுவாள். இங்கேயும் அதே கதைதான். மற்றவர்கள் ஒரு வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகையில் அவள் செய்ததைச் சரிபார்த்துக்கொண்டிருப்பாள். சரியாக இருந்தால், எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று அதையும் சந்தேகப்படுவாள்.

வகுப்பே சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தது. நடவு நடக்கும் வயலில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேற்றுக்கிரகக் கப்பல் இறங்குகிறது. கப்பல் டிபன் கேரியர் வடிவத்தில் இருப்பதால் நடவு செய்யும் பெண்கள் யாரும் பயப்படுவதில்லை. உள்ளேயிருந்து வருகிறவனையும் வயலில் இறக்கி நாற்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. புதுச்சேரியில் நடக்கும் மாணவர் குறும்பட விழாவுக்கு அதை அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு வேலை. ஆன்லினுக்குக் கிடைத்தது வெளிச்சம். அவளுடையது தயாராகும்வரை இருக்கட்டும் என்று கதிரவன்தான் நெட் வெளிச்சத்தைப் போட்டு வைத்திருந்தான்.

கம்ப்யூட்டரில் செய்த பொருளுக்குச் சொந்தமாக வெயில் கிடையாது. இருட்டுக்குள் கிடக்கும். நிஜமான ஓர் இடத்தைச் சுற்றிலும், வானம், தரை, மரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரே படமாக எடுத்து, அந்தப் படத்தை ஒரு பெரிய கூடாரம்போல அந்தப் பொருளின் மேல் கவிழ்த்துவிட வேண்டும். பிறகு படத்தில் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து வெயில் வரும், வானத்திலிருந்து நீலம் வரும், வயலிலிருந்து பச்சை வரும். எந்த ஊர்ப் படத்தைக் கவிழ்க்கிறோமோ அந்த ஊர் வெளிச்சம். கதிரவன் கவிழ்த்தது எந்தத் தேசமோ தெரியவில்லை. அதனால் கப்பல் சுரக்குடி வயலில் நின்றாலும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி ஒட்டாமலே நின்றது.

"நம்ம வயல்லயே எடுத்தா என்ன சார்?" என்று கேட்டாள் ஆன்லின். கேட்டதும் பயமாகிவிட்டது. "இல்ல, சரியா வருமான்னு தெரியல…"

"எடு. திங்கக்கிழமை சாயந்தரம் ரெண்டையும் போட்டுப் பாப்போம். எது நல்லாருக்கோ அது. அன்னிக்கே ரெண்டர்ல போட்டு, கம்ப்யூட்டர் முழுப் படத்தயும் வரைஞ்சு முடிச்சாத்தான் விழாவுக்கு அனுப்ப முடியும், அத ஞாபகம் வச்சுக்க." சார் விளக்கை அணைத்தார். "கடைசியில பேரு போடுறப்ப, வெளிச்சம்: ஆன்லின்னு வரணுமா வேணாமா?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதுவே காதில் ஓடியது. வெளிச்சம்: ஆன்லின். பனிமலையைப் போட்டுவிட்டு அதன் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. தன் வெளிச்சம் சரிப்படாவிட்டால் அந்த வரியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவளுக்குத் தவறான குழாயில் தன் பெயரையே ஒட்டிக்கொள்ள மனம் வருமா?

சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்க ஒரு வழி இருந்தது. பளபளப்பான உலோக உருண்டை ஒன்றை நடுவில் வைத்து, அந்த உருண்டையைப் படம் எடுப்பது. நாலாபக்கமும் அதில் சுருங்கித் தெரியும். பெரிய ஸ்டுடியோக்களில் அதற்கென்றே உருண்டை வைத்திருப்பார்களாம். ஆன்லின் வரிச்சிக்குடிக்குப் போனாள். அங்கே அவளுடைய சித்தப்பா சார்லஸ், மாடிப்படிகளுக்கு எவர்சில்வர் கைப்பிடி செய்யும் பட்டறை வைத்திருந்தார். கைப்பிடி முடியும் இடத்தில் வைக்கும் உருண்டைகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன.

"எத்தன படிம்மா?" என்றார் சார்லஸ்.

"படி இல்ல சித்தப்பா. உருண்ட மட்டும்."

"படியே இல்லாம உருண்டையா? ஏறுறது எப்படி?"

விஷயத்தைச் சொன்னாள். சார்லஸ் கேட்டுக்கொண்டே இருப்பதில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, பாலிஷ் சக்கரத்தில் வைத்து, தன் மீசை மயிர் தனித்தனியாகத் தெரிகிறவரை தேய்த்தார். அடியில் ஒரு நட்டையும் பற்றவைத்துக் கொடுத்தார், ஸ்டாண்டில் திருகிக்கொள்ள.

"சினிமாவுல என் மொகம் வருமா?"

"இப்ப எடுக்கலயே சித்தப்பா."

"அப்ப நல்லா தொடச்சிட்டு எடு," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நேராகச் சுரக்குடிக்கு ஸ்கூட்டியை விட்டாள். கப்பல் இறங்கப்போகும் வயல் கதிரவன் வீட்டுடையது. போன ஞாயிறு அவன் அங்கேதான் காட்சியை எடுத்திருந்தான். அதே நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும், அப்போதுதான் சூரியன் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும் என்று ஆன்லின் கணக்குப் போட்டிருந்தாள். சம்பா நடவு அடுத்த வயலுக்கு நகர்ந்திருந்தது. தேங்கிய தண்ணீரில் வானம் முழுசாக விழுந்து கிடந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கதிரவனின் அம்மா சொர்ணாம்பாள் வரப்பில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அரக்குச் சேலை, வெயிலுக்குத் தலையில் சுற்றிய நீலத் துண்டு.

ஆன்லின் ஸ்டாண்டை வயலோரம் ஊன்றி உருண்டையைத் திருகினாள். அவ்வளவுதான், நடவு நின்றுவிட்டது.

"அய்ய, என் மூக்கப் பாரேன், மொளகா பஜ்ஜி மாதிரி இருக்கு!" என்று கத்தினாள் ராஜம். நடவு ஆட்களில் வாய் பெரியது அவளுக்குத்தான். மற்றவர்களும் சேற்றுக் காலோடு ஏறி வந்து உருண்டையைச் சுற்றி நின்று தங்கள் மூக்குகளைப் பார்த்தார்கள். பல்லைக் காட்டினார்கள். ஒருத்தி தோட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"போதும்டி, போதும். இப்பிடியே நின்னா நாத்து தானா போயி நட்டுக்குமா?" என்று விரட்டினாள் சொர்ணாம்பாள். விரட்டிவிட்டு, தானும் குனிந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு களத்துக் கொட்டகைக்குப் போய் ஒரு சின்னத் தட்டோடு வந்தாள். ஆன்லின் எதிர் வரப்பில் கேமராவைப் பொருத்திவிட்டு நிமிர்வதற்குள், கட்டைவிரலால் சந்தனத்தைத் தொட்டு உருண்டையின் நட்டநடுவில் அழுத்தி, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டாள்.

"அம்மா!" என்றான் கதிரவன். "அது மிஷினு இல்லம்மா. கண்ணாடி மாதிரி."

"கண்ணாடிக்குப் பொட்டு வக்கிறதில்லையா ஆயுதபூசைக்கு? டிராக்டர் எறங்குச்சு, வச்சேன். அறுப்பு மிஷினு வந்துச்சு, வச்சேன். புதுசா ஒரு சாமான் நம்ம வயல்ல எறங்குனா வெறும் நெத்தியாவா எறங்கும்?" ஆன்லின் பக்கம் திரும்பினாள். "தப்பா பாப்பா? நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்க, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்கள்ல?"

"அய்யோ, இல்ல ஆன்ட்டி," என்றாள் ஆன்லின். வேறென்ன சொல்வது? துடைத்தால் அந்த முகம் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தாள். துடைக்காவிட்டால் கப்பல் என்னவாகும் என்றும் நினைத்துப் பார்த்தாள். பையில் வைத்திருந்த துணியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

கேமரா வழியே பார்த்தபோது ஒன்று புரிந்தது. உருண்டையைப் படம் எடுப்பவர் யாரானாலும் அதன் நடுவில் அவரே தெரிவார், தப்பிக்க முடியாது. இப்போது நடுவில் ஆன்லின் தெரியவில்லை. அவள் குனிந்து நிற்க வேண்டிய இடத்தைப் பொட்டு அடைத்துக்கொண்டிருந்தது. எப்படியும் அழிக்க வேண்டிய இடம்தானே, அவளாக இருந்தால் என்ன, பொட்டாக இருந்தால் என்ன? அந்தப் பக்கம் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுத்து, அதில் ஒரு துண்டு வெட்டிப் பொட்டின் மேல் ஒட்டினால் தீர்ந்தது.

"எல்லாரும் போன வாரம் மாதிரியே நடுங்க," என்றாள்.

"நானும் தெரிவேனா?" என்றாள் சொர்ணாம்பாள்.

"தெரிவீங்க ஆன்ட்டி."

உடனே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் தண்ணீரில் இறங்கினாள். "பாருங்கடி, மொதலாளியம்மா நடவு நடுறாங்க," என்று ராஜம் சொல்ல, வரிசையே சிரித்துக் குலுங்கியது.

ஆன்லின் எடுத்தாள். இருட்டாக ஒன்று, சூரியன் கண்ணைக் கூசாமல் அடங்கித் தெரிய. அதைவிடச் சற்று வெளிச்சமாக ஒன்று. இன்னும் வெளிச்சமாக, இன்னும் வெளிச்சமாக, மர நிழலுக்குள் இருப்பதும் தெரிகிறவரை. எல்லாவற்றையும் சேர்த்தால்தான் வெயிலின் உண்மையான பலம் படத்துக்குள் வரும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். சந்தேகம் வந்த இரண்டைத் திரும்ப எடுத்தாள். ஸ்டாண்டு அசையவில்லையே என்று பார்த்தாள். பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து மீட்டு, பக்கவாட்டு வரப்புக்கு வந்து அங்கிருந்தும் அதேபோல எல்லாவற்றையும் எடுத்தாள். சூரியனை மேகம் மறைக்கவில்லை. அதற்கே ஒரு நன்றி சொல்லிக்கொண்டாள்.

"இன்னுமா முடியல?" என்று எங்கிருந்தோ சொர்ணாம்பாளின் குரல் வந்தது. "ஒரு உருண்டையப் படம் புடிக்க இம்மாம் நேரமா? எங்க கல்யாண ஆல்பமே இதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

திங்கட்கிழமை லேபுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, வகுப்புக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒட்டினாள். பொட்டு போயிற்று. ஒட்டிய தடம் தெரியவில்லை. நிறம் பொருந்தியது. சூரியன் இருந்த திசையில் இருந்தது. கப்பலின் நிழல் விழுந்த பக்கத்தைக் கதிரவனின் காட்சியில் தென்னை நிழல் விழுந்த பக்கத்தோடு ஒப்பிட்டாள். இரண்டும் ஒரே பக்கம்தான். இருந்தும் முதலிலிருந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

சாயந்தரம் கதிரவன் படியேறி வந்தான். அவன் பின்னாலேயே சொர்ணாம்பாளும் ராஜமும் வந்தார்கள்.

"டவுனுக்கு வந்தாங்க சார். உருண்டையில என்ன வந்துச்சுன்னு பாக்காம பஸ் ஏற மாட்டாங்களாம்," என்றான்.

"வாங்க, வாங்க. உக்காருங்க," என்று நவநீதன் சார் நாற்காலியைத் தூக்கிப் போட்டார். ஆன்லின் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சார் முன்னால் தோற்பது ஒரு மாதிரி. வயல்காரர்கள் முன்னால் தோற்பது வேறு மாதிரி.

முதலில் கதிரவனின் வெளிச்சம். கப்பல் இறங்கியது, சுழன்றது, நின்றது. பளிச்சென்றுதான் இருந்தது. சொர்ணாம்பாள் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"எங்க எறங்குதுன்னுதான் தெரியல," என்றாள் ராஜம்.

அடுத்தது ஆன்லினுடையது. சார் பொத்தானை அழுத்தினார்.

கப்பல் மேகத்திலிருந்து இறங்கியபோது உச்சிமூடியில் சூரியன் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெறித்தது. தாழ வரவர நடு அடுக்குகளில் தென்னைகள் ஏறின. ஈ.பி. கம்பம் வளைந்து ஓடியது. பச்சை படர்ந்தது. அதுவரைக்கும் எல்லாரும் எதிர்பார்த்ததுதான். கப்பல் வயலுக்கு மேல் வந்ததும் அதன் அடிப்பக்கம் திடீரென்று கீழிருந்து ஒளிர்ந்தது. தேங்கிய தண்ணீரின் வெளிச்சம். அப்படி ஒன்று வரும் என்று ஆன்லினே நினைத்திருக்கவில்லை. எடைகொண்ட ஒரு சாமான், நிஜமான ஒரு வயலில், அந்த ஊர் வெயிலை வாங்கிக்கொண்டு இறங்கியது. அறையில் யாரோ "யப்பா" என்றார்கள். கதிரவன்தான்.

"திரும்பப் போடுங்க சார்," என்றான்.

சார் போட்டார். இந்தத் தடவை, கேரியரின் கீழடுக்கு திரை முழுவதும் நிறைந்து வரும்போது, ராஜம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! அது நாந்தான். மஞ்ச ரவிக்க, நாலாவது ஆளு. நாந்தான்!"

சார் நிறுத்தினார். எவர்சில்வர் வளைவில், புளியங்கொட்டை அளவில், குனிந்த பெண்களின் வரிசை. ராஜம் திரைக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் காட்டினாள்.

"இந்தா சொர்ணாக்கா. நீலத் துண்டு. நடுறாங்க பாருங்க, என்னமோ தெனமும் நடுற மாதிரி." விரல் நகர்ந்தது. நின்றது. "இந்தாவும் சொர்ணாக்கா."

"எங்கடி?"

"இந்தா. வரப்புல. இடுப்புல கைய வச்சுகிட்டு."

எல்லாரும் எழுந்து முன்னால் வந்தார்கள். ஆமாம். தண்ணீரில் ஒரு அரக்குச் சேலை, நீலத் துண்டோடு குனிந்திருந்தது. சற்றுத் தள்ளி வரப்பில் இன்னொரு அரக்குச் சேலை, அதே நீலத் துண்டோடு நிமிர்ந்து நின்றது.

ஆன்லினுக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் பக்கம் எடுத்தபோது சொர்ணாம்பாள் தண்ணீரில் இருந்தாள். இரண்டாவது பக்கம் எடுத்தபோது கரையேறி, முன்பு ஆன்லின் நின்ற அதே வரப்பில் போய் நின்றிருக்கிறாள். பொட்டை அழிக்க ஒட்டிய துண்டோடு அவளும் வந்துவிட்டாள். நிறத்தைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், தடத்தைப் பார்த்தாள். ஆள் யார் என்று பார்க்கவில்லை. லேபில் இப்படி ஒரே ஆளின் பெயரை இரண்டு குழாயில் ஒட்டியிருந்தால்! 'கதிரவனோடதையே போட்டுடலாம் சார்' என்ற வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

அதற்குள் சொர்ணாம்பாள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு நாற்காலி குலுங்கியது. "ரெண்டு பேரா இருக்கேன்! ஏண்டி ராஜம், ரெண்டு பேரா இருக்கேன்! இது தெரிஞ்சிருந்தா ஒருத்திய வீட்ல சமைக்க விட்டுட்டு வந்துருப்பேனே!"

"ஒருத்தரோட அதிகாரமே தாங்கல," என்றாள் ராஜம்.

நவநீதன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. வெளிச்சம் இதுதான், அதுல பேச்சில்ல. கதிர், நீ என்ன சொல்ற?"

"அந்தப் பனிமலைய நான் அப்பவே அழிச்சிட்டேன் சார்," என்றான் கதிரவன். "இவ போட்ட மொத தடவையே."

"அப்ப இந்த ரெண்டாவது ஆள் மட்டும்தான். ஆன்லின், எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம் சார். கொஞ்ச நேரம் போதும்…"

"எந்த ஒருத்திய?" என்றாள் சொர்ணாம்பாள் சட்டென்று.

"நடுறவங்கள எடுத்துடு பாப்பா," என்றாள் ராஜம். "அது பொய்யி. உருண்டைக்காக எறங்குனாங்க. நிக்கிறதுதான் நெசம்."

"ஏண்டி, அன்னிக்கு நான் ஒரு கட்டு நாத்து நடல?"

"ஒரு கட்டா? ஒரு கைப்பிடிக்கே இடுப்புப் புடிச்சுகிச்சு."

"நிக்கிறவள எடுத்துடு பாப்பா. பாத்தா மேஸ்திரி மாதிரி இருக்கா."

"மேஸ்திரிதானே!"

ஆன்லின் திரையைப் பார்த்தாள். குனிந்தவளை எடுத்தால் அங்கே தண்ணீரை வரைந்து நிரப்ப வேண்டும். நின்றவளை எடுத்தால் அங்கே வரப்பை வரைந்து நிரப்ப வேண்டும். அன்றைக்கு அந்த வயலில் இல்லாத ஏதோ ஒன்றைக் கொண்டுவந்துதான் நிரப்ப வேண்டியிருக்கும். சரியா, தவறா, இன்னொரு தரம் யோசித்துவிட்டுச் சொல்லட்டுமா? அவள் எப்போதும் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் வழக்கம்போல வரிசையாக வந்து நின்றன. அவற்றைத் தாண்டி அவள் குரல் வெளியே போய்விட்டது.

"ரெண்டு பேரும் இருக்கட்டும் சார்."

"ஏன்?"

"ரெண்டு பேரு மேலயும் பட்ட வெயிலுதான் சார் கப்பல்ல விழுது. ஒருத்தர எடுத்தா கொஞ்சம் வெளிச்சம் கொறயும்."

சார் அவளையே பார்த்தார். அடுத்து ஒரு 'ஆனா' வரும் என்று பழக்கத்தில் காத்திருந்தார் போலிருக்கிறது. வரவில்லை.

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான் சார்."

"அப்ப ரெண்டர் போடு. உன் கையாலயே போடு."

அவள் மவுஸைப் பிடித்து அழுத்தினாள். திரையின் ஓரத்தில் பட்டை மெதுவாக நகரத் தொடங்கியது. பக்கத்துக் கம்ப்யூட்டரில், படத்தின் கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலைக் கதிரவன் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். 'வெளிச்சம்: ஆன்லின்' என்று அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"எழுத்து சரியா இருக்கான்னு பாத்துக்க. ஒரு தரம் பாத்தாப் போதும்."

ஒரு தரம் பார்த்தாள். சரியாக இருந்தது.

"தம்பி, அதுக்குக் கீழ என் பேரும் வருமா?" என்றாள் சொர்ணாம்பாள்.

"வரும்மா. நடவு: சொர்ணாம்பாள்."

"மேற்பார்வை: சொர்ணாம்பாள், அதையும் போடு தம்பி," என்றாள் ராஜம். "இல்லன்னா வரப்புல நிக்கிறவங்க கோச்சுக்குவாங்க."

கடைசிப் பஸ்ஸைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. பட்டை பாதிகூட நகரவில்லை. சொர்ணாம்பாள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்லேர்ந்து இன்னொரு தடவ ஓட்டுங்க சார்," என்றாள்.